ஏழாம் நம்பர் கட்டில்

கம்பெனியில் என் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். விரல் நகத்தளவு பாகங்கள் தட்டுத் தட்டாக வரும். விளக்குக்கு அடியில் லென்ஸ் வழியாகப் பார்த்து, கீறலோ பிசிறோ இருந்தால் எடுத்துச் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன் என்று பெயர். எண்பதுகளில் ஓசூரில் கம்பெனிகள் புதிது புதிதாக வந்துகொண்டிருந்தன. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து டிப்ளமோ சான்றிதழும் ஒரு தகரப் பெட்டியுமாக வந்து இறங்கிய என்னை, கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதிலிருந்து எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் கீறல்தான் தெரியும். நான் தோசையைக்கூடத் திருப்பிப் பார்த்து பாஸ் செய்த பிறகுதான் தட்டில் போடுவேன் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். உங்களைக் கட்டிக்கொண்ட அன்று மட்டும் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டேன் என்று நான் பதில் சொல்வேன்.

அவரும் அதே கம்பெனிதான், மெஷின் ஷாப். உத்தனப்பள்ளிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம் அவருக்கு. வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ், சந்தைக்குப் போனால் கன்னடம் என்று வாழ்கிற ஜனம். அவருடைய அம்மா, அதாவது என் அத்தை, ஊரில் தக்காளித் தோட்டங்களுக்கும் கோஸ் தோட்டங்களுக்கும் கூலிக்குப் போய்க்கொண்டு தனியாக இருந்தார். மகன் வந்து கூட இரு என்றால், உங்கள் மாடி வீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு நான் யார் மூஞ்சியைப் பார்ப்பது என்று கேட்பார்.

அத்தைக்கும் எனக்கும் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. இதை செக்‌ஷனில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். எங்கள் பக்கத்தில் மாமியாரை வாங்க, போங்க, உட்காருங்க என்றுதான் பேசுவோம். நான் அப்படிப் பேசப் பேச, அத்தையும் பதிலுக்கு என்னை 'சாப்டீங்களா', 'டூட்டி முடிஞ்சுதுங்களா' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். சொந்த மகனை வாடா போடா என்கிறவர் மருமகளுக்கு மட்டும் 'ங்க' போட்டார். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை, மரியாதையான இடத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பனிக்காலம். அவரைக்காய் சீசன். பை நிறைய அவரைக்காயோடு எங்களைப் பார்க்க வந்த அத்தை, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்பதற்கு முன்பே இறங்கிவிட்டார். விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, வலி தாங்காமல் முனகிக்கொண்டே, சிதறிப்போன காயைப் பொறுக்கச் சொல்லி மகனை விரட்டிக்கொண்டிருந்தார்.

பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆயிற்று. தகடு வைத்துத் திருகியிருக்கிறோம் என்று எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். என் வீட்டுக்காரர் திருகைப் பார்த்ததும் அது என்ன சைஸ் என்று கேட்டுவிட்டார், தொழில் புத்தி. டாக்டர் சிரிக்கவில்லை. "எங்க வேலை முடிஞ்சுது. இனிமே தினம் நிக்க வைக்கணும், நடக்க வைக்கணும். வயசானவங்க பயந்துபோய்ப் படுத்துட்டா அப்புறம் எந்திரிக்கவே மாட்டாங்க" என்றார். ஓசூரிலேயே ஒரு நல்ல நர்சிங் ஹோமில் சேர்த்துவிடுங்கள், நான் வாரம் ஒருமுறை அந்தப் பக்கம் வருவேன், வந்து பார்க்கிறேன் என்றும் சொன்னார்.

அத்தை படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஷிப்டு. ஊரில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மாமியார் படுத்துவிட்டால் மருமகள் வேலையை விடுவது என்பதை யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்க வேண்டியதில்லை, அது தானாகவே தீர்மானமாகிவிடும். அந்த நாற்காலி எனக்குச் சும்மா கிடைத்ததல்ல. பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று வீட்டில் கத்தியவர்களை எதிர்த்து, அழுது, பட்டினி கிடந்து வாங்கியது. அத்தை நடக்க வேண்டும். அவருக்காகவும் நடக்க வேண்டும், எனக்காகவும் நடக்க வேண்டும். அதனால் நர்சிங் ஹோம் தேடுகிற வேலையை யாரிடமும் விடாமல் நானே எடுத்துக்கொண்டேன்.

முதலில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒன்று. கண்ணாடிக் கதவு, மீன் தொட்டி, பிளாஸ்டிக் ரோஜா. வரவேற்பில் இருந்த பெண் ரூம்களைக் காட்டுகிறேன் என்றாள். நான் நேரே பாத்ரூமுக்குப் போனேன். உள்ளே தாழ்ப்பாள் இல்லை.

"தாப்பா எங்க?" என்று கேட்டேன்.

"கூட வர்றவங்க யாராச்சும் வெளிய நின்னுக்கலாம் மேடம்."

மீன் தொட்டிக்கு மூடி போட்டிருந்தார்கள், பொம்பளைகள் குளிக்கிற இடத்துக்குத் தாழ்ப்பாள் இல்லை. ரிஜெக்ட்.

இரண்டாவது இடம் என் வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "எவ்ளோ அமைதியா இருக்குது பாரு" என்று கிசுகிசுத்தார். தரை பளபளவென்று இருந்தது. அமைதியும் உண்மைதான். ஆனால் ஒரு வயசானவர் கட்டிலில் படுத்தபடி ஜன்னல் திண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தண்ணீர் ஜக்கு இருந்தது. கை நீட்டினால் எட்டாத தூரம். அவர் கேட்கவும் இல்லை. கேட்டுக் கேட்டு விட்டுவிட்டிருப்பார் என்று நினைக்கிறேன். நான் போய் ஊற்றிக் கொடுத்தேன். கட்டில் தலைமாட்டில் இருந்த மணியை அழுத்திப் பார்த்தேன், யாரும் வரவில்லை. அது ரிப்பேர் என்றார்கள். வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "ஜக்குக்காக ஒரு ஆஸ்பத்திரியையே வேணாம்னு சொல்லுவியா?" என்றார். சொல்வேன் என்றேன்.

மூன்றாவது ராயக்கோட்டை ரோட்டில். பழைய வீடு ஒன்றை இழுத்துக் கட்டி நர்சிங் ஹோம் ஆக்கியிருந்தார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் டாக்டர்கள். ஒரு பக்கம் பிரசவ வார்டு, ஒரு பக்கம் பொது வார்டு, பின்னால் சமையல்கட்டு. லேடி டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான் வார்டுக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் விரலைத் தேய்த்துப் பார்த்தேன். மெத்தையை ஒரு மூலையில் தூக்கிப் பார்த்தேன். குழாயைத் திறந்தேன், மூடினேன். தாழ்ப்பாள் இருந்தது, எண்ணெய்கூடப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு கட்டிலிலும் கைக்கு எட்டும் இடத்தில் தண்ணீர். டாக்டரம்மா எழுந்து வந்து தயங்கித் தயங்கி, "நீங்க...?" என்றார்.

"இன்ஸ்பெக்‌ஷன்" என்றேன். எங்கே வேலை பார்க்கிறாய் என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்துச் சொன்ன பதில் அது.

அவ்வளவுதான். டாக்டரம்மா மளமளவென்று மருந்து ரூமைத் திறந்து காட்டினார், கொதிக்க வைக்கிற பாத்திரங்களைக் காட்டினார், குப்பை எங்கே கொட்டுகிறார்கள் என்று கொல்லைப்புறம்வரை கூட்டிப் போனார். நான் பாட்டுக்கு எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு வந்தேன். கடைசியில் எங்களுக்கு இளநீர் வந்தபோதுதான் வீட்டுக்காரருக்கு விஷயம் உறைத்தது. "மேடம், நாங்க கவர்மெண்ட் இல்லீங்க. எங்க அம்மாவச் சேக்கணும்" என்றார். டாக்டரம்மா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படிச் சிரிக்கிற டாக்டரை நான் அதுவரை பார்த்ததில்லை. பாஸ் செய்துவிட்டேன். ஒரே ஒரு குறை, அங்கே சத்தம் அதிகம். யாராவது யாரையாவது திட்டிக்கொண்டே இருந்தார்கள். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

அத்தைக்கு ஏழாம் நம்பர் கட்டில் கிடைத்தது, ஜன்னலோரம்.

அடுத்த நாள் முதல் ஷிப்டு முடிந்து நேரே அங்கே போனேன். வராந்தாவில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து ஒரு கட்டைக் குரல்.

"ஏளு! ஏளு அவ்வா, ஏளு! நாடக மாட்பேட!"

அதைவிடச் சத்தமாக அத்தை தெலுங்கில் ஏதோ கத்தினார்.

எட்டிப் பார்த்தேன். ஒரு ஆயா, வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாய் நிறைய வெற்றிலையோடு, இடுப்பில் கைவைத்துக் கட்டிலுக்கு முன்னால் நின்றாள். கர்நாடக எல்லைக்குள் அத்திப்பள்ளிப் பக்கத்துக் கன்னடக்காரி, தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள் என்று பிறகு தெரிந்தது. அவள் மறுபடி, "ஏளு!" என்று அதட்டினாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் ஊர்ப்பக்கம் ழகரம் நாக்கில் வராது, ஏழு என்பதை ஏளு என்றுதான் சொல்வோம். கன்னடத்திலும் ஏழு என்றால் ஏளுதான். அந்த அளவு கன்னடம் அத்திப்பள்ளியில் காய்கறி வாங்கி எனக்குத் தெரியும். ஏழாம் நம்பர் கட்டிலில் படுத்திருக்கிற மனுஷியை ஏளு, ஏளு என்று கூப்பிட்டால் என்ன அர்த்தம்? கம்பெனி கேட்டில் எங்களை டோக்கன் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பெயர் இருந்தும் நம்பராக நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காலமெல்லாம் வெயிலில் குனிந்து வேலை செய்து மகனைப் படிக்க வைத்த அம்மாவை ஒரு ஆயா நம்பர் சொல்லி மிரட்டுவதா?

நேரே டாக்டரம்மாவிடம் போனேன். "உங்க ஆயா பெட் நம்பர் சொல்லிக் கூப்புடுறாங்க டாக்டர். அத்தைக்குன்னு ஒரு பேர் இருக்கு. அவங்களுக்கு ஒரு மரியாதை இருக்கு."

டாக்டரம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. "நம்பர் சொல்லியா? சே, அது ரொம்பத் தப்பு. அந்தம்மாவுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திதான், ஆனா இப்படி... நான் மாத்திடறேன்" என்றார். மறுநாளே ஆயாவைப் பிரசவ வார்டுக்கு மாற்றிவிட்டு, அத்தையைப் பார்த்துக்கொள்ள மார்த்தாண்டம் பக்கத்து நர்ஸ் பெண் ஒருத்தியை விட்டார்.

அந்தப் பெண் தங்கம். அத்தைக்குத் தலை வாரிப் பின்னி விடுவாள், படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. "அம்மா, கொஞ்சம் எழும்பி நிக்கலாமா?" என்று குயில் மாதிரி கேட்பாள். "நாளைக்கு நிக்கிறேன்ங்க" என்பார் அத்தை. "சரிம்மா, வலிச்சா வேண்டாம்" என்பாள் இவள். இரண்டு பேரும் மாற்றி மாற்றி மரியாதை கொடுத்துக்கொண்டதில் கால் மட்டும் தரையில் படவில்லை. எனக்கோ பரம திருப்தி. சுத்தம், மரியாதை, அமைதி. சிவப்புப் பெட்டியில் போட அங்கே ஒன்றுமே இல்லை. அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்ததைக்கூட, நன்றாகத் தூங்குகிறார் என்றே நினைத்தேன்.

எலும்பு டாக்டர் வந்தார். காலைத் தூக்கினார், மடக்கினார், அமுக்கினார். எலும்பு சேர்ந்து வருகிறது, தையல் ஆறிவிட்டது, பிறகு ஏன் நிற்க வைக்கவில்லை என்று கேட்டார்.

"நாளைக்கு, நாளைக்குன்னு சொல்றாங்க சார்" என்றாள் நர்ஸ்.

"அடுத்த தடவ நான் வர்றப்ப இவங்க நடந்து காட்டணும். இல்லன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் படுக்க வச்சுப் பாத்துக்குங்க. இங்க வச்சுப் பிரயோஜனம் இல்ல."

அவர் போனதும் நானும் வீட்டுக்காரரும் எதிரே டீக்கடைக்குப் போனோம். கிளாஸை உருட்டிக்கொண்டே நின்றவர், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "உனக்கு லீவு எவ்ளோ பாக்கி இருக்குது?"

அவர் லீவைக் கேட்கவில்லை. என் நாற்காலியைக் கேட்டார். "உங்களுக்கு எவ்ளோ இருக்கு?" என்று திருப்பிக் கேட்டேன். அவர் சில்லறையை எடுத்து எண்ண ஆரம்பித்தார். கெட்ட மனுஷர் இல்லை, அம்மாவை நினைத்துப் பயந்து போயிருந்தார். ஆனாலும் எனக்கு அந்தக் கோபம் அடங்கவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி விடுவிடுவென்று வார்டுக்கு வந்தேன்.

"அத்தை, எந்திரிங்க. கொஞ்சம் நில்லுங்க. நான் பிடிச்சிக்கிறேன்."

"நொப்பியா இருக்குதுங்க. நாளைக்கு." வலியை அத்தை நொப்பி என்றுதான் சொல்வார்.

"இன்னிக்கு நில்லுங்க அத்தை. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "அந்தக் கன்னடக்காரி எங்க? செத்துப்போயிட்டாளா?" என்று கேட்டார்.

"அவளை வேற வார்டுக்கு மாத்தியாச்சு. நான்தான் சொல்லி மாத்தினேன். உங்களை நம்பர் சொல்லிக் கூப்பிட்டா இல்ல?"

"நம்பரா? என்னா நம்பரு?"

"ஏளு, ஏளுன்னு கத்தினாளே. ஏழாம் நம்பர் கட்டிலுன்னு."

அத்தை என்னை உற்றுப் பார்த்தார். உதடு கோணியது. பிறகு சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ நொப்பி, ஐயோ நொப்பி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அடுத்த கட்டில்காரி எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"ஏளுன்னா கன்னடத்துல எந்திரின்னு அர்த்தம்டி, பைத்தியக்காரி! எந்திரி, எந்திரின்னு தானே அவ உயிர வாங்கிக்கினு இருந்தா. நான் எந்திரிக்க மாட்டேன் போடின்னு சொல்லிக்கினு இருந்தேன். நல்லாப் போயிக்கினு இருந்துது. நீ வந்து கெடுத்துட்ட!"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. கன்னடக்காரர்கள் ஏழுக்கும் எந்திரிக்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்வேன்? அந்தக் கட்டிலுக்கு எட்டாம் நம்பர் போட்டிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. இதையெல்லாம் மனதுக்குள் வாதாடிக்கொண்டேதான் பிரசவ வார்டுக்குப் போனேன். அத்தை என்னை 'டி' போட்டதும் 'நீ' என்றதும் அப்போது எனக்கு உறைக்கக்கூட இல்லை.

ஆயா ஒரு பிள்ளைத்தாய்ச்சியை நடக்கச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நானு நம்பர் கூப்ட்டனா? எல்லாரும் எனக்கு அவ்வானே, அம்மா மாதிரி. டாக்டரம்மா ரெண்டு நாளு எங்கூட பேசல, தெரியுமா?" கண் கலங்கியிருந்தது. சட்டென்று துடைத்துக்கொண்டு, "நிம்ம அத்தெ பெரிய கள்ளி. பயம் காலுல இல்ல, மண்டையில. நோவு நோவுன்னு ஏமாத்துறா" என்றாள்.

"வாங்களேன்" என்றேன்.

"பர்த்தினி, வரேன். நடுவுல நீ பேசகூடாது."

வந்தாள். ஏழாம் நம்பர் கட்டிலுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். அத்தை அவளைப் பார்த்ததும் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டார், ஆனால் கை மட்டும் தன்னால் முந்தானையைச் சரிசெய்தது.

"ஏளு!"

"லெய்யனு போ! எந்திரிக்க மாட்டேன்!"

"ஏளு அவ்வா. மகாராணின்னு நெனப்பா? காலு இடு கீழெ."

"உன் காலை இடுடி. எனக்கு நொப்பி."

"நொப்பி எனக்கும் இதெ. நான் படுத்துக்கினேனா? ஏளு!"

வார்டு மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. ஆயா ஒரு பக்கம் அக்குளில் கை கொடுத்தாள், என்னை மறுபக்கம் பிடிக்கச் சொன்னாள். அத்தை அவளை மூன்று பாஷையிலும் திட்டிக்கொண்டே எழுந்தார். நல்ல கால் முதலில் தரையில் பட்டது. மற்றது அந்தரத்தில் ஆடியது. ஆயா தன் பாதத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துக் காட்டி, "இல்லி, இங்க" என்றாள். கட்டை விரல் பட்டது, பிறகு பாதம் பட்டது. அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு, என் தோளை நகம் பதிய இறுக்கிக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை. அத்தை மூச்சு விட்டதும் சொன்ன முதல் வார்த்தை, "பாத்தியாடி கன்னடக்காரி?"

அன்றே டாக்டரம்மாவிடம் தப்பு என்னுடையது என்று சொல்லி ஆயாவைப் பழைய வார்டுக்கே திரும்ப வாங்கினேன். அதன் பிறகு நான் போகும் சாயங்காலமெல்லாம் சண்டைதான், வராந்தாவிலிருந்தே கேட்கும். கேட்டால் எனக்கு மனசு நிறைந்துவிடும். நர்ஸ் பெண் விரிப்பை மாற்றித் தலை வாரி விடுவாள், ஆயா எழுப்பி நிறுத்துவாள். நானும் ஆயாவைப் பார்த்துப் பழக முயன்றேன். "எந்திரி அத்தை" என்று சொல்ல வாயைத் திறந்தால், "எந்திரி...ங்க" என்று வால் முளைத்துவிடும். அத்தை அதைச் சொல்லிக் காட்டி வார்டையே சிரிக்க வைத்தார்.

ஒருநாள் சண்டை கேழ்வரகுக் களியைப் பற்றித் திரும்பியது. அத்தை வீட்டுத் தெலுங்கில் அது சங்கட்டி, ஆயாவுக்கு முத்தெ. பெயர் எதுவானால் என்ன, இரண்டு பேருக்கும் உயிர். ரொட்டியும் பாலும் தின்று நாக்கு செத்துவிட்டது என்று அத்தை புலம்ப, டாக்டரம்மா சமையல்கட்டில் களி கிளறிக் கொடுக்கச் சொன்னார். ஆயாதான் கிளறினாள். அத்தை ஒரு விள்ளல் எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். ஒரு சின்னக் கட்டி. எனக்கே பெருமையாக இருந்தது, எங்கள் செக்‌ஷனில்கூட அப்படிக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். "இத மாடு தின்னுமா?" என்றார். அப்படியானால் நீயே வந்து கிளறு என்றாள் ஆயா.

எலும்பு டாக்டர் அடுத்த முறை வந்தபோது நானும் அரை நாள் பர்மிஷன் போட்டு வந்திருந்தேன். வீட்டுக்காரரும் வந்திருந்தார், நகத்தைக் கடித்துக்கொண்டு. நாங்கள் மூன்று பேரும் வார்டுக்குள் நுழைந்தால் ஏழாம் நம்பர் கட்டில் காலி. விரிப்பு மட்டும் கிடந்தது. வீட்டுக்காரரின் முகம் வெளுத்துவிட்டது.

"பேஷண்ட் எங்க?" என்றார் டாக்டர்.

நர்ஸ் பெண் தயங்கிக்கொண்டே சொன்னாள்: "சமையல்கட்டுல சார். சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க."

போய்ப் பார்த்தோம். அடுப்புக்கு முன்னால் ஒரு கையில் கைத்தடியும் ஒரு கையில் களிக்கோலுமாக அத்தை நின்றுகொண்டிருந்தார். பானையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆயா கீழே உட்கார்ந்திருந்தாள். "நல்லா புடிடி, ஆடுது" என்று அத்தை அதட்ட, "நீ ஆடுதியா, பானை ஆடுதா?" என்று ஆயா கேட்டாள். வார்டிலிருந்து அந்த இடத்துக்கு முழு நடையைத் தாண்டி, ஒரு படி இறங்க வேண்டும். டாக்டர் அந்தப் படியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அதே வார்த்தைதான், ஆனால் அது எனக்கு அன்று வேறு மாதிரி கேட்டது. வீட்டுக்காரர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றார்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அது எங்கள் ஊரிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். ஆயா வாசல்வரை வந்து, ஆட்டோவில் அத்தையை ஏற்றிவிட்டு, "திருகி பர்பேட, திரும்பி வராதே! இந்தப் பக்கம் உன் மூஞ்சியக் கண்டா ஒதெப்பேன்" என்றாள். "நீ கூப்ட்டாலும் வரமாட்டேன் போடி" என்றார் அத்தை. ஆட்டோ திரும்பியதும் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு செக்‌ஷனில் யார் வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் என்னைத் தேடி வருவார்கள். எந்த நர்சிங் ஹோம் நல்லது, எதைப் பார்த்துச் சேர்ப்பது என்று கேட்பார்கள். தாழ்ப்பாளைப் பார், தண்ணீர் ஜக்கைப் பார் என்பேன். கடைசியாக, வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்று உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கிறதா என்று கவனி, திட்டுகிற சத்தமாக இருந்தால் திருப்பித் திட்டுகிற சத்தமும் வருகிறதா பார் என்பேன். நோயாளியின் குரல் பெரிதாகக் கேட்டால் தைரியமாகச் சேர். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் பலர், கேட்டபடி செய்தவர்களும் உண்டு.

நாங்கள் மாடி வீட்டை விட்டுக் கீழ் போர்ஷனுக்கு மாறிக்கொண்டோம். அத்தை எங்களோடுதான் இருந்தார். நான் எடுத்திருந்த லீவு முடிந்து முதல் ஷிப்டுக்குப் போக வேண்டிய அன்று காலை, அலாரம் அடித்ததும் தெரியவில்லை, அணைத்ததும் தெரியவில்லை. மாசி ஆகியும் ஓசூர்க் குளிர் விடவில்லை. வீட்டுக்காரர் இரவு ஷிப்டிலிருந்து இன்னும் திரும்பவில்லை. போர்வைக்குள் எங்கேயோ ஆழத்தில் கிடந்தேன்.

"ஏளு" என்றது ஒரு குரல்.

"அஞ்சு நிமிஷம் அத்தை" என்று முனகினேன்.

"ஏளுடி! கம்பெனி பஸ்ஸு போயிரும். அவ்ளோ பெரிய வேலைய வச்சிக்கினு தூங்கறியா? ஏளு!"

கண்ணைத் திறந்தேன். அத்தை என் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். குனிந்து போர்வையை இரண்டு கையாலும் பிடித்து உருவினார். கைத்தடியை அவர் கொண்டுவரவே இல்லை.